ஐம்பதாயிரத்தில் ஐந்து



ஒரு கிலோ அரிசியில் எத்தனை மணிகள் இருக்கும்? உட்கார்ந்து எண்ண வேண்டியதில்லை. கணக்குப் போட்டாலே போதும். ஓர் அரிசி மணியின் நிறை சுமார் 20 மில்லிகிராம். எனவே ஒரு கிலோவில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மணிகள். அந்த ஐம்பதாயிரத்தில் ஐந்தே ஐந்து கோதுமை மணிகள் கலந்திருந்தால் என்ன ஆகும்? உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகாது. முறத்தில் இட்டுப் புடைக்கும் பாட்டியும் அதைப் பொருட்படுத்தமாட்டார். ஆனால் வேறு சிலருக்கு அந்த ஐந்து மணிகள்தாம் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் அந்த அரிசி அவர்களுக்கு உரிய உணவு அன்று.

அப்படிப்பட்ட ஒரு சிறுவன் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறான். அவனைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு, அவன் வாயிலாக நான் கற்றுக்கொண்ட ஓர் உண்மையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். "எல்லாம் பிறப்பிலேயே எழுதப்பட்டது, குடும்பத்தில் இருந்தால் வந்தே தீரும்" என்று நோய்களைப் பற்றிச் சொல்கிறார்களே, அது தவறு என்பதே அந்த உண்மை.

சீவலப்பேரியில் ஒரு கோடை

எங்கள் ஊர் சீவலப்பேரி. தாமிரபரணியுடன் சிற்றாறு வந்து கலக்கும் இடம். முக்கூடல் என்று பழைய இலக்கியம் குறிப்பது இவ்வூரைத்தான். முக்கூடற் பள்ளு நெல் வகைகளை வரிசையாக அடுக்கிச் சொல்லும் நூல் என்பதை உங்கள் தமிழாசிரியர் சொல்லியிருப்பார். அந்த அளவுக்கு நெல்லோடு பிணைந்த ஊர் இது.

என் தங்கை திருமணமாகி அரியானாவுக்குச் சென்றாள். அங்கே காலையும் மாலையும் கோதுமை ரொட்டிதான். அவள் மகனுக்கு நான்கு வயது ஆனபோது வளர்ச்சி நின்றுபோயிற்று. வயிறு உப்பியிருக்கும், கைகால்கள் குச்சியாக இருக்கும், அடிக்கடி வயிற்றுப்போக்கு, இரத்தசோகை வேறு. பூச்சி மருந்து கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பயன் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே ஒரு மருத்துவர் ஐயம் கொண்டு இரத்தத்தைச் சோதித்தார். பின்னர்ச் சிறுகுடலின் உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று உறுதியாயிற்று. அதற்கு மருந்து என்று ஒன்று இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே சிகிச்சை. விலக்கினார்கள். ஓராண்டுக்குள் பையன் ஓடியாடத் தொடங்கினான்.

அவன் ஒன்பது வயதில் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தான். என் தாயாருக்கு ஒரே மகிழ்ச்சி. "நம்ம வீட்ல மூணு வேளையும் அரிசிதானய்யா, இங்கன பயம் என்ன?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று நாள் காலையில் புட்டு. மதியம் சோறும் சாம்பாரும். நான்காம் நாள் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டான். பழைய வயிற்றுப்போக்கு திரும்பி வந்தது.

தங்கை தன்னிடம் சில சோதனைப் பட்டைகள் வைத்திருந்தாள். சமையலறைப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். கழுவி வேகவைத்த சோறு: குற்றமில்லை. புட்டு மாவு: குற்றவாளி! கட்டிப் பெருங்காயம்: அதுவும் குற்றவாளி!

"ஏய்யா, அரிசி மாவுல எங்கேயிருந்துய்யா கோதுமை வந்துது?" என்று தாயார் திகைத்து நின்றார்.

விடை எளியது. அரிசியை இடித்தது மாவு மில்லில். நமக்கு முன்னால் வரிசையில் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். எந்திரத்தின் உள்ளே ஒரு கைப்பிடி, 50 கிராம் என்று வையுங்கள், தங்கியிருந்து நம் அரை கிலோ மாவோடு வந்து சேரும். கோதுமை மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்னும் புரதம். ஆகவே 5 கிராம் குளூட்டன். அதாவது 5,000 மில்லிகிராம். கிலோவுக்கு என்று கணக்கிட்டால் பத்தாயிரம் மில்லிகிராமுக்கு அருகில் வரும். பாதுகாப்பான எல்லையோ கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு! பெருங்காயத்தின் கதை வேறு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு பெரும்பாலும் மைதாவும் சேர்க்கிறார்கள். டப்பாவின் பின்புறத்தை இன்றே படித்துப் பாருங்கள்.

அல்வாவும் ஓர் இத்தாலியரும்

குளூட்டன் என்பது என்ன? அதை நீங்களே உங்கள் வீட்டில் பிரித்தெடுக்கலாம். ஒரு பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி நேரம் வைத்திருங்கள். பிறகு ஒரு கிண்ணம் நீருக்குள் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். மாப்பொருள் வெள்ளையாகக் கரைந்து போகும். நீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் ரப்பர் போல இழுபடும் ஓர் உருண்டை கையில் நிற்கும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாவை வீசும்போது அது கிழியாமல் விரிவதற்கும் இதுவே காரணம். இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த பெக்காரி என்பவர் இப்படிக் கழுவிப் பிரித்ததைப் பற்றிய கட்டுரை 1745-இல் வெளியாயிற்று.

ஏறத்தாழ இதே வேலையைத்தான் நம் திருநெல்வேலி அல்வாக்காரர்களும் செய்கிறார்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பால் எடுக்கிறார்கள். குளூட்டனில் ஒரு பகுதி சக்கையோடு நின்றுவிடுகிறது. அப்படியானால் என் தங்கை மகன் அல்வா சாப்பிடலாமா? கூடாது. "ஒரு பகுதி போய்விட்டது" என்பதும் "கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே உள்ளது" என்பதும் ஒன்றல்ல. முன்னது ஊகம், பின்னது அளவு. அறிவியல் இரண்டாவதைத்தான் ஏற்கும்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. அவர் 1930-களிலேயே இந்த ஐயத்தைக் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், போரின் காரணமாக அந்நாட்டில் பஞ்சம் தலைவிரித்தாடியது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்தது. நோயும் திரும்பி வந்தது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார்.

பட்டை என்ன சொல்கிறது?

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே அந்தச் சோதனைப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த பட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே இனம்தான். உணவை ஒரு கரைசலில் கலக்கிப் பட்டையின் முனையை அதில் நனைக்க வேண்டும். மையொற்றும் தாளில் மை ஏறுவதுபோல் நீர்மம் மேலே ஏறும். வழியில் எதிர்ப்பொருள் பூசிய நுண்துகள்கள் காத்திருக்கும். பலவகைப் பட்டைகளில் அவை பொன் துகள்கள். பொன் மஞ்சள் நிறமாயிற்றே என்பீர்கள். 40 நானோமீட்டர் அளவுக்கு நுணுகிவிட்டால் பொன் ஒளியின் பச்சைப் பகுதியை உறிஞ்சிக்கொண்டு சிவப்பாகத் தோன்றும். இத்துகள்கள் குளூட்டனைக் கண்டால் பற்றிக்கொள்ளும். சற்று மேலே கோடாகப் பூசப்பட்டிருக்கும் இன்னோர் எதிர்ப்பொருள் குளூட்டனின் மறுபக்கத்தைப் பிடிக்கும். துகள்கள் அங்கே குவிந்து ஒரு சிவப்புக் கோடு தோன்றும். பட்டை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்ட மற்றொரு கோடு. எனவே இரண்டு கோடுகள் வந்தால் குளூட்டன் உண்டு.

ஆய்வுக்கூடங்களில் இதற்குப் புகழ்பெற்ற எதிர்ப்பொருளின் பெயர் ஆர்-5. ஸ்பெயினில் என்ரிக் மெண்டஸ் குழுவினர் உருவாக்கியது. குளூட்டனில் திரும்பத் திரும்ப வரும் ஐந்து அமினோ அமிலங்களின் ஒரு தொடரை அது அடையாளம் காண்கிறது. 2008-இல் உலக உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ், "குளூட்டன் அற்றது" என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வகுத்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதே எல்லையை ஏற்றிருக்கிறது. ஒரு கோதுமை மணியின் நிறை சுமார் 40 மில்லிகிராம். அதில் குளூட்டன் சுமார் 4 மில்லிகிராம். ஐந்து மணிகளில் 20. நான் முதலில் சொன்ன "ஐம்பதாயிரத்தில் ஐந்து" இப்போது விளங்குகிறதல்லவா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. பட்டையில் ஒரே கோடு வந்தால் "இந்த மூட்டையில் குளூட்டனே இல்லை" என்று பொருள் அல்ல. "நான் எடுத்த இந்தக் கரண்டி மாவில், இந்தப் பட்டை உணரக்கூடிய அளவுக்கு மேல் இல்லை" என்பதே பொருள். எந்த அளவியும் தன் எல்லைக்குள் மட்டுமே உண்மை பேசும்.

மரபணு எத்தனை பேருக்கு?

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். எல்லாரும் கோதுமை தின்கிறோம். சிலருக்கு மட்டும் ஏன் இந்த நோய்? விடை நம் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. அங்கே எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக்களின் கூட்டம் ஒன்று உண்டு. அவற்றில் டி.கியூ.-2, டி.கியூ.-8 என்னும் வகைகளைப் பெற்றவர்களுக்கே பெரும்பாலும் சீலியாக் நோய் வருகிறது.

டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கோவிந்த் மகாரியா, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணா முதலியோர் சேர்ந்து, வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலும் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். முடிவுகள் 2016-இல் வெளியாயின. வடக்கில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ எட்டரைப் பேர் சீலியாக் நோயாளர். தெற்கிலோ பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர்தான்.

"பார்த்தீர்களா! தமிழனின் உடல் வேறு, நம்மவர்க்கு இந்த நோய் வராது" என்று அவசரப்பட்டு மார்தட்டிவிடாதீர்கள். அதே ஆய்வு மரபணுவையும் சோதித்தது. நோய்க்கு இடம் தரும் மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ சமமாகவே, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்களிடம், இருந்தது! அப்படியானால் வேறுபாடு எங்கே? தட்டில்! வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கில் 25 கிராம்.

விதை இரு நிலத்திலும் இருக்கிறது. ஒரு நிலத்தில் மழை பெய்யவில்லை. அவ்வளவே.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். வடக்கில் ஆயிரம் பேரில் மரபணு உள்ளோர் ஏறத்தாழ 380 பேர். நோயுற்றோர் எட்டரைப் பேர். ஆகவே நாள்தோறும் கோதுமை தின்னும் ஊரிலும், மரபணு உள்ள நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் நோய். மற்றவர்கள் மரபணுவோடு நலமாகவே வாழ்கிறார்கள். மரபணு கதவைத் திறந்து வைக்கிறது என்று சொல்லலாம். உள்ளே யார் வருவார் என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை.

"அந்தக் குடும்பத்துக்கு அந்த நோய் உண்டு"

இந்த எச்.எல்.ஏ. மரபணுக்கள் கோதுமையோடு சண்டை போடுவதற்காக நமக்குக் கிடைத்தவை அல்ல. உடலுக்குள் புகுந்த கிருமியின் துணுக்குகளை எடுத்து, "இதோ பகைவன்" என்று வெள்ளணுக்களுக்குக் காட்டுவதே அவற்றின் வேலை. எந்தத் துணுக்கை நன்றாகக் காட்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே தொற்றுநோய்களிலும் இவற்றின் பங்கு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் காசநோயாளிகளை ஆராய்ந்து 1991-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எச்.எல்.ஏ. டி.ஆர்.-2 என்னும் வகை, நுரையீரல் காசநோய் கண்டவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. நம் தென்னாட்டு மக்களிடமே செய்யப்பட்ட அருமையான ஆய்வு இது.

ஆனால் இதன் பொருள் என்ன? அந்த மரபணு உள்ளவர்க்கெல்லாம் காசநோய் வரும் என்பதா? இல்லை. அது இல்லாதவர்க்கு வராது என்பதா? அதுவும் இல்லை. காசநோயை உண்டாக்குவது கிருமி. அதை 1882-இலேயே ராபர்ட் கோக் காட்டிவிட்டார். கிருமி தொற்றியவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மரபணு அந்த வாய்ப்பைச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒரு குடும்பத்தில் தந்தைக்கும் மகனுக்கும் காசநோய் வந்தால் ஊர் என்ன சொல்கிறது? "அது அந்தக் குடும்ப நோய்" என்கிறது. என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் திருமணப் பேச்சு இந்த ஒரு சொல்லால் நின்றுபோயிற்று. அவள் தந்தைக்குப் பல ஆண்டுகளுக்கு முன் காசநோய் வந்து முழுமையாகக் குணமானதுதான் அவள் செய்த குற்றம்! ஒரே வீட்டில் மரபணு மட்டுமா பொதுவாக இருக்கிறது? காற்றும் பொது, சன்னல் இல்லாத அறையும் பொது, அரை வயிற்றுச் சோறும் பொது.

இதற்குச் சான்று வேண்டுமா? ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய இதில், சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கு கொண்டது. காசநோயாளிகளின் வீட்டில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் கூடுதலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. முடிவு 2023-இல் வெளியாயிற்று. யாருடைய மரபணுவையும் மாற்றவில்லை. தட்டை மட்டும் நிரப்பினார்கள்.

என் கருத்து

நண்பர்களே, மரபணு ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மிகவும் வேண்டும். யாருக்கு எந்த ஆபத்து மிகுதி என்று அறிந்தால் முன்னரே காக்கலாம். ஆனால் மரபணுவை விதி என்று வாசிப்பது அறிவியல் ஆகாது. அது பழைய தலையெழுத்துக்குப் புதிய பெயர் சூட்டுவதாகும். மாற்ற முடியாததைக் கண்டறிவதன் பயனே, மாற்றக்கூடியது எது என்று தெளிவதுதான்.

சீலியாக் நோயில் மாற்றக்கூடியது தட்டு. அதனால்தான் எனக்கு ஒரு கவலை. நம் தட்டு ஏற்கெனவே மாறிக்கொண்டிருக்கிறது. இரவு சப்பாத்தி, தெருமுனையில் பரோட்டா, பள்ளிக்கூடப் பைக்குள் பிஸ்கட்டும் நூடுல்சும். தெற்கே நம்மைக் காத்து வந்தது மரபணு அன்று, சோறு என்று கண்டோம். சோறு குறையக் குறைய அந்தக் காப்பும் குறையும். ஆகவே வளராத ஒரு குழந்தையைக் கண்டால், "நம்ம பக்கம் அந்த நோய் கிடையாது" என்று நம் மருத்துவர்களும் பெற்றோரும் ஒதுக்கிவிடக் கூடாது. ஓர் எளிய இரத்தச் சோதனை அந்தக் குழந்தையின் சில ஆண்டுகளைக் காப்பாற்றிவிடும். சோதனைக்கு முன்பே தாமாகக் கோதுமையை நிறுத்திவிடுவதும் தவறு. கோதுமை உண்ணாதபோது இரத்தத்தில் அடையாளம் மறைந்துபோகக்கூடும்.

மறுபக்கம், "குளூட்டன் அற்றது" என்று எழுதிய பொட்டலத்தை வாங்குவது இன்று ஒரு நாகரிகமாகி வருகிறது. நோயோ ஒவ்வாமையோ இல்லாதவர் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஆனால் தேவைப்படுகிறவருக்கு அந்த இரண்டு சொற்களும் உயிர்ச் சொற்கள். அவை அளந்து பார்த்து எழுதப்பட்டவையாக இருக்க வேண்டும். பெரிய தொழிற்சாலையின் பொட்டலத்துக்கு மட்டுமன்றி, உள்ளூர் மில்லின் மாவுக்கும் உள்ளூர் பலகாரத்துக்கும் குறைந்த செலவில் சோதனை கிடைக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி ஆய்வுக்கூடமாவது இதை ஏற்றுச் செய்யலாம் என்பது என் எண்ணம். விலை குறைந்த ஒரு பட்டையை நம் நாட்டிலேயே உருவாக்கும் வேலை உங்களில் யாருக்காவது காத்திருக்கிறது.

காசநோயில் மாற்றக்கூடியவை உணவு, காற்றோட்டம், உரிய காலத்தில் மருந்து. மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. இன்னொன்றும் மாற்றக்கூடியது: நம் நாக்கு. "அந்தக் குடும்பத்துக்கு அந்த நோய் உண்டு" என்று யாராவது உங்கள் காதில் ஓதினால், இந்தக் கணக்குகளை எடுத்துச் சொல்லுங்கள்.

என் தாயார் என்ன செய்தார் தெரியுமா? பட்டையின் இரண்டு கோடுகளைக் கண்ணால் கண்ட பிறகு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே பல ஆண்டுகளாகக் கிடந்த திரிகையை இழுத்து வந்து கழுவி வெயிலில் காயவைத்தார். அந்தக் கோடை முழுவதும் பேரனுக்கு வேண்டிய மாவை அதில்தான் திரித்தார். அந்த மாவையும் நாங்கள் சோதித்தோம்.

ஒரே கோடு.